பிப்பிங்: உட்கொத்தலும் வெளிக்கொத்தலும்

கோழி முட்டை பொரிய 21 நாள் ஆகும். கடைசி இரண்டு மூன்று நாளில் நடப்பதைச் சொல்ல இன்குபேட்டர் வைத்திருப்பவரும் ஆய்வுக்கூடத்தில் இருப்பவரும் ‘பிப்பிங்’ என்கிறார்கள். முட்டைக்குள் இருக்கும் குஞ்சு அலகால் துளை போடுவதுதான் பிப்பிங். அந்தத் துளை இரண்டு தடவை விழுகிறது. இதற்குத் தமிழில் ஒரு சொல் தேடிப் பார்ப்போம்.

‘பிப்’ ஆங்கிலத்தில் ஓர் ஒலிக்குறிப்புச் சொல். நாம் ‘கீச்’ என்பதை அவர்கள் ‘பீப்’, ‘பிப்’ என்றார்கள். லத்தீனிலும் கீச்சிடுதலுக்கு இதே ஒலிதான். புறாவைக் குறிக்கும் ‘பிஜன்’ என்ற ஆங்கிலச் சொல்கூடக் கீச்சிடும் குஞ்சு என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான். கீச்சிடுதலைக் குறித்த சொல் ஓட்டில் துளையிடுதலையும் குறிக்க ஆரம்பித்ததில் வியப்பில்லை. முட்டைக்குள்ளிருந்து கீச்சொலி கேட்கத் தொடங்குவது அந்தக் கட்டத்தில்தானே!

முட்டையின் அகன்ற முனையில் காற்றறை இருக்கிறது. ஏறத்தாழ 19ஆம் நாளில் அலகு உட்சவ்வைக் கிழித்து அந்த அறைக்குள் நுழைகிறது. இது முதல் துளை. ஓடு இன்னும் உடையவில்லை. அதுவரை ஓட்டின் நுண்துளைகள் வழியே வந்த ஆக்சிஜனை, ஓட்டை ஒட்டிப் படர்ந்த இரத்தக்குழாய்ச் சவ்வுதான் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போது நுரையீரல் வேலையைத் தொடங்குகிறது. காற்றறையில் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு கூடக் கூட, குஞ்சுக்கு உள்ளே இருப்பு கொள்ளாது. ஏறத்தாழ 20ஆம் நாளில் ஓடு கீறுகிறது. இது இரண்டாவது துளை.

இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் இதயத்துடிப்பை அளந்தவர்களுக்குத்தான் அதிகம். ஜப்பானில் முரோரான் தொழில்நுட்பக் கழகத்தின் ஹிரோஷி தசாவாவும் அவரோடு இருந்தவர்களும், ஓட்டை உடைக்காமலேயே, துடிப்பால் முட்டை அசையும் மிக நுண்ணிய அசைவிலிருந்தும் ஒலியிலிருந்தும் இதைப் பதிவு செய்தார்கள். இரண்டாம் நாளிலேயே துடிக்கத் தொடங்கும் இதயம், முதல் வாரத்துக்குள் நிமிடத்துக்கு 200ஐத் தாண்டி, பிறகு 250க்கும் 300க்கும் இடையில் ஓடுகிறது. உட்சவ்வு கிழிவதற்குச் சற்று முன் சராசரி கொஞ்சம் இறங்கும். துளை விழுந்த பின் மறுபடி ஏறும்.

சராசரியைவிடச் சுவையானது நொடிக்கு நொடி மாறும் துடிப்பு. அடைகாலத்தின் பின்பாதியில், துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் பிடி இதயத்தின்மேல் விழ, துடிப்பு சட்டென்று இறங்கி மீளும் சரிவுகள் தெரிகின்றன. சில நாள் கழித்துத் திடீர் எழுச்சிகளும் சேர்கின்றன. ஓடு கீறிய பிறகோ மூச்சோடு சேர்ந்து துடிப்பு ஏறி இறங்குகிறது. பெரிய எழுச்சிகள் அங்குமிங்கும் வருகின்றன. குஞ்சு வெளிவரும் நேரம் நெருங்கும்போது அவை ஏறக்குறைய சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகின்றன. நாள்கணக்கைச் சொல்வதைவிட எந்தத் துளை விழுந்துவிட்டது என்று சொன்னால்தான் இந்தத் துடிப்பின் ஏற்ற இறக்கம் புரியும்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘பொரித்தல்’ ஆகாது, அது குஞ்சு வெளியே வருவது வரை முழுவதையும் குறிக்கும். ‘ஓடுடைத்தல்’ முதல் துளைக்குப் பொருந்தாது, அங்கே உடைவது சவ்வு. செயலைப் பார்த்தால் ‘குத்தல்’தான் சரி: பிடரித் தசை சுருங்க, தலை மேல்நோக்கி எழும்பி அலகு குத்துகிறது. ஆனால் ‘குத்தல்’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குத்தல் பேச்சு. அதனால் என் ஓட்டு ‘கொத்தல்’ பக்கம். அலகுக்கே உரிய வினை, கேட்டவுடன் பறவை தெரிகிறது. தீனி பொறுக்குவதுபோல் கீழ்நோக்கிய கொத்தல் இல்லையே என்று கேட்டால், இல்லைதான். அந்த அளவு நெகிழ்வைச் சொல் தாங்கும்.

ஆக, சவ்வு கிழிவது உட்கொத்தல், ஓடு கீறுவது வெளிக்கொத்தல். கருவுக்கு இலங்கைப் பாடநூல்கள் ‘முளையம்’ என்கின்றன. அங்கே எழுதுபவர்கள் ‘உட்கொத்தலுக்கு முந்தைய முளையத்தின் துடிப்பு’ என்றும், இங்கே ‘கருவின் துடிப்பு’ என்றும் எழுதலாம். கூமுட்டையைக் கழித்துவிட்டு, 18ஆம் நாளில் முட்டைகளைப் பொரிப்புப் பெட்டிக்கு மாற்றுபவரின் குறிப்பேட்டில் ‘வெளிக்கொத்தல்: காலை 6 மணி’ என்று எழுதினாலும் உறுத்தாது.