கிரம்பிள் ஸோன்: கசங்க வேண்டிய இடமும் கசங்கக் கூடாத இடமும்

தோட்டப்புறத்தில் பழைய காடிகளுக்கு இன்னும் மதிப்பு அதிகம். கிராணி வீட்டு மோரிஸ் மைனர் முழு இரும்பு, முதலில் வந்த புரோட்டோன் சாகாகூடக் கெட்டி, இப்போது வருவதெல்லாம் மைலோ டின் என்பார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் ஒரு செடான் மோதி முன்பக்கம் சுருண்டு நின்றால், கூடி நின்று பார்ப்பவர்கள் அதையே சாட்சியாகக் காட்டுவார்கள். ஆனால் அந்த முன்பக்கம் சுருள்வதற்கென்றே செய்யப்பட்டது. பட்டறைக்காரர்கள் அதைக் கிரம்பிள் ஸோன் என்கிறார்கள்.

காடி மோதும்போது திட்டமிட்ட ஒழுங்கில் மடிந்து, மோதலின் ஆற்றலைத் தன் இரும்பிலேயே செலவழித்துவிடும் பகுதி அது. செடானில் முன்னால் எஞ்சின் அறை, பின்னால் சாமான் வைக்கும் பூட். இரண்டுக்கும் நடுவே ஆட்கள் உட்காரும் அறை. அது மடியவே கூடாது. இந்த நடு அறையைச் சேர்த்துச் சொல்லாத எந்த விளக்கமும் பாதி விளக்கம்தான். மைலோ டின் என்ற பேச்சு தவறிப்போவதும் இங்கேதான். டின்னுக்கு எல்லாப் பக்கமும் ஒரே தகடு. காடிக்கு முன்பக்கம் ஓர் இரும்பு, நடு அறைக்கு வேறோர் இரும்பு.

இந்த எண்ணத்துக்குச் சொந்தக்காரர் பேலா பாரேன்யி. 1907-இல் ஆஸ்திரியாவில் பிறந்த பொறியாளர். டைம்லர் பென்ஸ் நிறுவனத்தில் வேலை செய்தபோது 1951-இல் இதற்குக் காப்புரிமை கேட்டார், 1952-இல் கிடைத்தது. அதுவரை உறுதியான காடி என்றால் முழுக்க விறைப்பான காடி என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். நடுப்பகுதி விறைப்பாகவும் இரு முனைகளும் இளக்கமாகவும் இருக்கட்டும் என்றார் அவர். 1959-இல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ 111, வால்பக்கம் மீன் துடுப்புபோல நிற்கும் அந்த செடான், இந்த அமைப்போடு விற்பனைக்கு வந்த முதல் காடி.

சொல்லின் வேரைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் 'கிரம்பிள்' என்பது துணியும் தாளும் சுருக்கம் விழுந்து கசங்குவது. வளைந்த, கோணலான என்று பொருள்படும் 'கிரம்ப்' என்ற பழஞ்சொல்லிலிருந்து வந்தது. ஜெர்மன் மொழியிலும் இந்தப் பகுதியின் பெயர் துணி கசங்குவதற்கான வினையிலிருந்தே பிறந்தது. 'ஸோன்' கிரேக்கச் சொல். அதன் முதற்பொருள் இடையில் கட்டும் கச்சு. பிறகுதான் சுற்றி வளைத்த நிலப்பரப்பு, பகுதி என்று விரிந்தது.

தமிழில் இதை 'நொறுங்கு மண்டலம்' என்றும் 'நொறுங்கும் பகுதி' என்றும் எழுதுவதுண்டு. வினை பிழை. நொறுங்குவது கண்ணாடியும் அப்பளமும். துண்டு துண்டாகச் சிதறுவதற்கு அந்தப் பெயர். காடியின் இரும்பு அப்படி உடைந்தால் ஆற்றலை அதிகம் வாங்காது. உடையாமல், மடிப்பு மேல் மடிப்பாக விழுந்தால்தான் ஒவ்வொரு மடிப்பும் தன் பங்கை வாங்கும். 'நசுங்கு' என்றால் பாரத்தின் கீழ் ஒழுங்கில்லாமல் தட்டையாவது; திட்டமிட்ட மடிப்பு அதில் தெரியாது. 'மடங்கு' சரியான வினை. ஆனால் 'இரு மடங்கு', 'மும்மடங்கு' என்ற பொருள் முந்திக்கொண்டு வரும். 'கசங்கு' என்பதில் எல்லாம் இருக்கிறது: பொருள் துண்டாகவில்லை, சுருங்கியது, இடம் குறைந்தது. 'மண்டலம்' என்பது சோழ மண்டலத்துக்கும் வளிமண்டலத்துக்கும் பொருந்தும் பெரிய சொல்; போனட்டின் நீளத்துக்குப் 'பகுதி' போதும். எனவே கசங்கு பகுதி. இது வினைத்தொகை, ஊறுகாய் போல. இடையில் 'ப்' வராது. நடுவில் இருக்கும் விறைப்பான அறைக்குக் காப்பறை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். இரண்டு சொற்களையும் சேர்த்தே பழக வேண்டும்.

கசங்குவதால் என்ன லாபம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். அந்த வேகத்தில் சுவரில் மோதும் காடியின் முன்பக்கம் 60 சென்டிமீட்டர் கசங்கி நின்றால், காப்பறையும் அதோடு கட்டுண்ட ஆளும் நிற்பதற்கு 60 சென்டிமீட்டர் தூரமும் பத்தில் ஒரு நொடிக்குச் சற்றுக் குறைந்த நேரமும் கிடைக்கும். உடலுக்கு வரும் விசை சராசரியாகப் புவியீர்ப்பைப்போல் 16 மடங்கு. 70 கிலோ ஆளை 1,100 கிலோ சுமை இழுப்பதற்குச் சமம். கொடுமைதான், ஆனால் இருக்கை வாரும் எலும்பும் தாங்கும். அதே காடி கெட்டியாக இருந்து 10 சென்டிமீட்டரில் நின்றால் விசை கிட்டத்தட்ட 100 மடங்கு, ஏழு டன்னுக்குப் பக்கம். காடி பார்வைக்கு அதிகம் கெட்டிருக்காது. உள்ளே இருந்தவர் பிழைத்திருக்க மாட்டார்.

இந்த 60 சென்டிமீட்டர் யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான் நம் வீடுகளில் கவனம் போதவில்லை. வார் போட்டவருக்கு மட்டுமே கிடைக்கும். வார் போடாதவர் காப்பறையோடு கட்டுப்படவில்லை. முன்பக்கம் கசங்கிக் காடி வேகம் குறைந்துகொண்டிருக்கும்போது அவர் உடல் அதே 50-இல் முன்னே போய்க்கொண்டிருக்கும். அவர் டேஷ்போர்டை எட்டும் நேரத்தில் காடி ஏறத்தாழ நின்றிருக்கும். பிறகு அவரை நிறுத்துவது டேஷ்போர்டின் சில சென்டிமீட்டர் இளக்கம்தான். பழைய இரும்புக் காடியில் இருந்திருந்தால் என்ன ஆகுமோ அதேதான். பின்னிருக்கையில் வார் இல்லாமல் இருப்பவர் முன்னிருக்கைக்காரரின் முதுகில் போய் விழுவார். மலேசியாவில் முன்வார் 1979-இலிருந்தும் பின்வார் 2009 ஜனவரி 1-இலிருந்தும் கட்டாயம். கோயில் திருவிழாவுக்குப் போகும்போது பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் பாட்டி இந்தக் கணக்கை அறிய வேண்டும்: 10 கிலோ பிள்ளை அந்தக் கணத்தில் 160 கிலோ இழுக்கும். எந்தக் கையாலும் பிடிக்க முடியாது. பிள்ளைக்கு இருக்கை வேண்டும். 2020-இலிருந்து சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

பழைய இரும்பா, புதிய தகரமா என்ற வழக்கை 2009-இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதிக் கழகம் நேராகவே தீர்த்துவைத்தது. 1959-ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏர் ஒன்றையும் 2009-ஆம் ஆண்டு செவர்லே மாலிபு குடும்ப செடான் ஒன்றையும், இரண்டும் மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டரில் வர, ஓட்டுநர் பக்கம் முட்டுமாறு நேருக்கு நேர் மோதவிட்டது. பெல் ஏரின் ஆட்கள் அறை இடிந்து, ஸ்டியரிங் சோதனைப் பொம்மையின் மேல் வந்து விழுந்தது. மாலிபுவின் முன்பக்கம் கசங்கியது. அறை அப்படியே நின்றது.

போனட்டைத் திறந்தால் இதன் பாகங்களைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெளியே தெரியும் பம்பர் வெறும் பிளாஸ்டிக் உறை. அதன் பின்னால் ஃபோம், அதற்குப் பின்னால் இரும்பு அல்லது அலுமினியக் குறுக்குச் சட்டம். சட்டத்தின் இரு முனையிலும் கையகலப் பெட்டிகள் போல்ட்டால் முடுக்கப்பட்டிருக்கும். மெதுவான மோதலில் இவை மட்டும் கசங்கும், கழற்றி மாற்றிவிடலாம். அவற்றுக்குப் பின்னால், எஞ்சினின் இருபுறமும், எஞ்சின் அறையைக் காப்பறையிலிருந்து பிரிக்கும் பலகைச் சுவர் வரை ஓடும் பெட்டிச் சட்டங்கள்தான் முக்கியம். நம் பட்டறைகளில் சேசிஸ் என்று சொல்வது இவற்றைத்தான். முன்முனையில் டார்ச் அடித்துப் பார்த்தால் குறுக்காக அழுந்திய பள்ளங்களும் ஓட்டைகளும் தெரியும். அவை பழுதல்ல, முதல் மடிப்பு அங்கேதான் விழ வேண்டும் என்று ஆலை போட்ட குறிகள். போனட்டின் உள்பக்கத்திலும் அப்படியொரு கோடு உண்டு. போனட் நடுவில் கூரையாக மடிய வேண்டும், கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரக் கூடாது.

காப்பறையின் இரும்பு வேறு. சிவக்கக் காய்ச்சி அச்சிலேயே அழுத்திக் குளிர்வித்த எஃகு. எஃகின் வலுவை அளக்கும் அலகில் ஏறத்தாழ 1,500 மெகாபாஸ்கல் வரை தாங்கும், சாதாரணத் தகட்டைப்போல் பல மடங்கு. புரோட்டோன் 2012-இல் பிரேவே செடானில் இந்த முறையில் செய்த பாகங்களைப் போட்டது. முன்கண்ணாடியின் இருபுறத் தூண்கள், கதவுகளுக்கு நடுவிலுள்ள தூண், கதவடிப் படி ஆகியவை இந்த வகை. காடிகளை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் ஆசியான் என்கேப் அமைப்பு, மலாக்காவிலுள்ள கூடத்தில் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முன்பக்கத்தின் 40 விழுக்காடு மட்டும் படும்படி மோதிப் பார்க்கும்போது, முன்கண்ணாடித் தூண் எவ்வளவு பின்னால் நகர்ந்தது என்பதும் அளக்கப்படுகிறது. படங்களைப் பார்க்கிறவர்கள் போனட்டைப் பார்க்காமல் முன்கதவைப் பார்க்க வேண்டும். மோதிய பிறகும் கதவு வழக்கம்போல் திறந்தால் காப்பறை நின்றிருக்கிறது.

கசங்கு பகுதி கைகொடுக்காத மோதல்களும் உண்டு. தோட்டச் சாலையில் அவை அதிகம். செம்பனைக் குலை ஏற்றிய லோரி இரவில் விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கிறது. செடான் பின்னால் போய் முட்டுகிறது. லோரியின் தளம் போனட்டை விட உயரம். சேசிஸ் சட்டங்களுக்கு முட்ட எதுவுமில்லை. போனட் கீழே நுழைந்துவிட, தளத்தின் இரும்பு விளிம்பு நேரே கண்ணாடிக்கும் தூணுக்கும் வருகிறது. எத்தனை நட்சத்திரம் வாங்கிய காடியானாலும் இதற்கு ஏற்பாடு குறைவு. லோரிக்குப் பின்னால் 60 கிலோமீட்டரில் போகும்போது மூன்று நொடி இடைவெளி, அதாவது 50 மீட்டர், விட வேண்டியது இதனால்தான். மரமும் மின்கம்பமும் இரண்டு சட்டங்களுக்கும் நடுவே புகுந்துவிட்டால் குறுக்குச் சட்டம் ஒன்றுதான் தாங்க இருக்கும். பக்கவாட்டிலோ, ஆளுக்கும் வெளித்தகட்டுக்கும் ஒரு சாண் இடம்தான். அங்கே தூண், படி, பக்கக் காற்றுப்பைகள் இவையே துணை.

அடுத்த கெடுதல் பட்டறையில் நடக்கிறது. கசங்கு பகுதி ஒருமுறைக்குத்தான். மடிந்த சேசிஸை இழுத்து, சூடுகாட்டி, தட்டி நேராக்கிச் சாயம் அடித்தால் பார்வைக்குப் புதிதாகும். மடிந்த இடத்தில் இரும்பு விறைத்து நுண்ணிய விரிசல் விட்டிருக்கும். சூடுபட்ட வலு எஃகு வலுவை இழந்திருக்கும். மடிப்புக் குறிகள் அழிந்திருக்கும். மேலே தடித்த தகடு வைத்து வெல்டிங் செய்வது இன்னும் மோசம். கசங்க வேண்டியது கசங்காமல் பலகைச் சுவரைத் தள்ளிக்கொண்டு கால்மாட்டுக்கு வரும். காற்றுப்பை விரியும் கணமும் அந்தச் சட்டம் கசங்கும் வேகத்தைக் கணக்கிட்டே வைக்கப்பட்டது, அதுவும் தவறும். சட்டத்தை ஆலை குறித்த வெட்டுக்கோட்டில் அறுத்து, அதே மாடலின் புதுச் சட்டத்தைப் பொருத்துவதே சரியான வேலை. செலவைக் குறைக்க ஃபோமையும் குறுக்குச் சட்டத்தையும் போடாமல் பிளாஸ்டிக் உறையை மட்டும் மாட்டிவிடுவதும் நடக்கிறது.

பூட்டில் உரமூட்டை ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பொட்டாஷ் உரம் உப்பு வகை. சிந்தியது ஈரத்தோடு சேர்ந்தால் பூட் தரையையும் அதன் கீழ் ஓடும் பின்சட்டத்தையும் அரிக்கும். அரித்த சட்டம் மடியாது, பிய்ந்துவிடும். தார்ப்பாய் விரித்து ஏற்றுங்கள். சிந்தினால் அன்றே கழுவிக் காயவிடுங்கள்.

பழைய சாகாவோ பெரோடுவா பெசாவோ வாங்கப் போகிறவர், சாயத்தின் பளபளப்புக்கு முன் சேசிஸைப் பார்க்கட்டும். ஆலைப் புள்ளி வெல்டிங் சிறு வட்டக் குழிகளாக, சீரான இடைவெளியில் இருக்கும். கோடாகப் புடைத்த வெல்டிங் தெரிந்தால் அங்கே கை வைத்திருக்கிறார்கள். ஒருபக்கச் சட்டத்தில் மட்டும் புதுக் கருஞ்சாயம், ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் கீறல், போனட் இடைவெளி இடமும் வலமும் வேறு ஆகியவையும் அதே சேதியைச் சொல்லும். கீழ் கிரில் வழியாக டார்ச் அடித்துக் குறுக்குச் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளக்க வேண்டும். பெரும்பாலான செடான்களில் இரண்டும் ஒன்றாக வரும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் அந்தக் காடி வேண்டாம்.