சாட்டிலைட்டுக்கு பெங்குவின் தெரியாது, எச்சம் தெரியும்

அண்டார்டிகாவுல எம்பரர் பெங்குவின் எங்கெல்லாம் கூடி குஞ்சு பொரிக்குதுன்னு ரொம்ப காலமா முழுசா யாருக்கும் தெரியாம இருந்துச்சு, அந்தக் குளிர்ல கடல் ஐஸ் மேல நடந்து போய் தேடறதுன்னா லேசுப்பட்ட காரியமா. 2009ல பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வே ஆராய்ச்சியாளர்கள் லேண்ட்சாட்ங்கற சாட்டிலைட் எடுத்த படங்களை எடுத்து வச்சு அலசினாங்க. அதுல ஒத்தப் பறவை தெரிய வாய்ப்பே கிடையாது, ஆனா ஆயிரக்கணக்குல மாசக்கணக்கா ஒரே இடத்துல நின்னா எச்சம் சேந்து வெள்ளை ஐஸ் மேல பழுப்பா கறை படிஞ்சிடும். அந்தக் கறையை வச்சே 38 இடத்தைப் பிடிச்சிட்டாங்க, அதுல 10 இடம் அதுவரை யாருக்குமே தெரியாதது.

மேப்பிங் டெக்னாலஜி மொத்தமும் இப்படித்தாங்க. மேல இருக்கற கேமராவுக்கு கெடைக்கறது வெறும் வெளிச்சம், அதை வச்சு கீழ என்ன இருக்குன்னு யூகிக்கறது நம்ம வேலை.

ஒரு பச்சை இலையை எடுத்துக்கோங்க. மேல விழற சிவப்பு ஒளியை குளோரோஃபில் உணவு தயாரிக்க உறிஞ்சிக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியில நிறைய இலைக்குள்ள இருக்கற செல்லும் காத்து இடைவெளியும் சிதறடிச்சு திருப்பி அனுப்பிடும். ஒரு பிக்சல்ல இருந்து, அதாவது படத்தோட ஒரு குட்டிக் கட்டத்துல இருந்து, அகச்சிவப்பு 50 சதவீதமும் சிவப்பு 5 சதவீதமும் திரும்பி வருதுன்னா, வித்தியாசம் 45, கூட்டினா 55, வகுத்தா 0.82. நல்லா தழைச்ச இலைன்னு அர்த்தம். காஞ்ச மண்ணுல 30ம் 25ம் வந்தா 0.09தான். பச்சையை அளக்கற இந்த நம்பருக்குப் பேரு என்டிவிஐ. சென்டினல்-2 சாட்டிலைட் ஜோடி 10 மீட்டர் பிக்சல்ல அஞ்சு நாளைக்கு ஒருக்கா ஒரே இடத்தைப் படம் எடுக்குது, காசு இல்லாம யார் வேணா டவுன்லோட் பண்ணிக்கலாம்.

ஆனா பச்சையா இருக்கறதெல்லாம் காடு ஆயிடாது, இதை நான் எத்தனை தடவை வேணாலும் சொல்லுவேன். வரிசையா நட்ட ரப்பர் தோட்டத்துக்கும் நம்பர் நல்லா வரும், ஆயிரக்கணக்கான வருஷமா இருக்கற இயற்கைப் புல்வெளிக்கு கோடைல ரொம்ப கம்மியா வரும். கோடைல எடுத்த ஒரே ஒரு படத்தைப் பாத்து யாராவது அந்தப் புல்வெளிக்கு "வெற்று நிலம்"னு கலர் குடுத்துட்டா போச்சு, அடுத்த திட்டத்துல அங்க கட்டடமோ சோலார் பேனலோ வந்துடும், இல்லன்னா நல்லது பண்றதா நெனச்சு மரத்தை நட்டுடுவாங்க. தரையில கூடு கட்டற பறவைக்கு ரெண்டும் ஒண்ணுதான். பிக்சலுக்கு என்ன பேர் வைக்கறோமோ அதுதான் அந்த நிலத்தோட தலையெழுத்து.

அதனால ஒரே படத்தை நம்பாம அதே பிக்சலை வருஷக்கணக்கா பாக்கணும். புல்வெளி மழைக்கு ஏறி கோடைக்கு இறங்கும், வருஷா வருஷம் அதே மாதிரி. தோட்டம்னா என்னைக்காவது ஒருநாள் வெட்டினதும் சடார்னு விழுந்து மறுபடி மெல்ல ஏறும். இன்னொரு வழி லேசர். 2018 டிசம்பர்ல விண்வெளி நிலையத்துக்கு அனுப்பின ஜெடிங்கற கருவி கீழ லேசர் துடிப்பை அனுப்பி, அது திரும்பி வர எவ்ளோ நேரம் ஆகுதுன்னு அளக்கும். உச்சிக் கிளைல பட்டது முதல்ல வரும், நடுக்கிளை, புதர், தரைன்னு ஒவ்வொண்ணா பின்னாடி வரும். பழைய காட்டுல எல்லா உயரத்துல இருந்தும் சிக்னல் வரும். ஒரே வயசு மரம் நட்ட தோட்டத்துல உச்சில இருந்து ஒரு கொத்து சிக்னல், தரையில இருந்து ஒரு கொத்து, நடுவுல காலி.

இதுக்கப்புறம் விலங்கோட நடமாட்டம். காட்டு பிக்சலைக் கடக்க 1, வயலைக் கடக்க 10, நாலு வழிச்சாலைக்கு 100னு ஒரு சிரமக் கணக்கு குடுத்தா, ரெண்டு காட்டுக்கு நடுவுல எந்த வழியில கூட்டுத்தொகை கம்மின்னு கம்ப்யூட்டர் தேடும். பல தடவை நேர் வழியை விட சுத்து வழிதான் கெடைக்கும். இந்த நம்பரை மனுஷங்கதான் குடுக்கறோம், அதனால ஜிபிஎஸ் காலர் மாட்டின விலங்கு நெஜமா எங்க போச்சுன்னு வச்சு சரி பாக்கறது கட்டாயம். விலங்கைப் பாத்ததா வர்ற பதிவுலயும் பெரும்பாலானது ரோட்டோரமாத்தான் இருக்கும், ஏன்னா மனுஷன் போறது அங்கதான். பதிவு இல்லாத கட்டத்துல விலங்கே இல்லன்னு முடிவு பண்ணிடக் கூடாது.

கடைசியா பச்சை, உயரம், நடமாட்டம்னு தனித்தனியா போட்ட இந்த மேப் லேயரையெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி முடிவு எடுக்கணும். ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் ரீஃப்ங்கற பவளப்பாறைக் கடல் பகுதியில இதை ஒழுங்கா செஞ்சாங்க. மொத்தப் பரப்பையும் 70 வகையா பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் குறைஞ்சது 20 சதவீதம் மீன்பிடி இல்லாம இருக்கணும், மீனவங்களுக்கு நஷ்டமும் முடிஞ்ச அளவு கம்மியா இருக்கணும்னு வச்சுக்கிட்டு, மார்க்சன்ங்கற சாஃப்ட்வேரோட உதவியில பல திட்டங்களைப் போட்டுப் பாத்தாங்க. 5 சதவீதத்துக்கும் கம்மியா இருந்த முழுப் பாதுகாப்பு 2004ல சுமார் 33 சதவீதம் ஆச்சு. அதுக்கு முன்னாடி மக்கள்கிட்ட இருந்து 30,000க்கும் மேல கருத்து வந்துச்சு, அதையெல்லாம் படிச்சு பல எடத்துல எல்லைக் கோட்டை மாத்தி வரைஞ்சாங்க.