தறியில் ஏற்றும் முன் ஒரு மாலை: புதுப் பொருள்களை நெய்பவர்களுக்கு

நெசவு கற்றுக்கொள்ள வருபவர்களில் பலர் இப்போது பருத்தி நூலோடு வருவதில்லை. செய்தித்தாள் கீற்று, துணிக் கிழிசல், வளர்ப்பு நாயைச் சீவும்போது கழிந்த முடி, பிளாஸ்டிக் பை, பழைய ஒலிநாடா, உரித்த மரப்பட்டை என்று எதையாவது பை நிறையக் கொண்டுவருகிறார்கள். "இதை நெய்ய முடியுமா?" என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வியும். முடியும். நீளமாக இருந்து, உடையாமல் வளைந்துகொடுத்தால் எதையும் நெய்துவிடலாம். அந்த ஆர்வத்தைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைகிறது.

ஆனால் நான் அவர்களிடம் கேட்பது வேறு. இது பாவாக, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூலாக, நின்று தாங்குமா, இல்லை அதன் குறுக்கே விடும் ஊடையாக மட்டும் போகுமா? நனைந்தால் என்ன ஆகும்? நெய்யும்போது இதிலிருந்து என்ன பறக்கிறது, அது யாருடைய மூச்சுக்குள் போகிறது? இவற்றுக்கு விடை தேட ஒரு மாலைப்பொழுது போதும். அந்த மாலையைச் செலவிடாததால், வாரக்கணக்கில் உழைத்து நெய்த துணி ஆறு மாதத்தில் பொடியாக உதிர்வதையும், நெய்தவர் இருமலோடு வருவதையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் பாவு. தறியில் பாவுநூல் படும் பாட்டை ஊடைநூல் படுவதே இல்லை. நாள் முழுக்க விறைப்பாக இழுபட்டு நிற்பது பாவு. ஒவ்வொரு மிதிக்கும், இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதின் கண்ணில் தேய்கிறது; ஊடையை நெருக்கி அடிக்கும் சீப்பான அச்சு அடிக்கும்போதெல்லாம் அதன் பற்களில் உரசுகிறது. ஊடை அப்படியல்ல. ஊடைநூலைச் சுமந்து ஓடும் நாடாவோடு ஒருமுறை குறுக்கே போகும், அடிபட்டு அமரும், அவ்வளவுதான். அதனால் புதுப் பொருளை முதன்முதலாக எடுக்கும் யாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பாவுக்கு நம்பகமான நூலைப் போடுங்கள், சோதனையெல்லாம் ஊடையில் இருக்கட்டும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜப்பானின் வடபகுதிக் குளிரில் பருத்தி விளையாது. அந்தக் காலத்தில் அங்கே பழந்துணி அருமையான பொருளாக இருந்தது. அதைக் கீற்றாகக் கிழித்து ஊடையாக்கி, உறுதியான நூலைப் பாவாக்கி நெய்த துணிக்கு சாக்கியோரி என்று பெயர். காகிதத்தை நூலாக்கி நெய்யும் ஷிஃபு நெசவிலும் பெரும்பாலும் பாவு பட்டு, பருத்தி அல்லது சணல் வகை நூல்தான், காகிதம் ஊடைதான். இரண்டும் காகிதமாக நெய்வதும் உண்டு. அது கைதேர்ந்தவர்களின் வேலை. ஜெர்மனியின் பவ்ஹவுஸ் என்னும் கலை, வடிவமைப்புப் பள்ளியில் படித்த அன்னி ஆல்பர்ஸ், 1930-இல் பெர்னாவ் நகரத் தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கத்துக்கு ஒரு சுவர்த்துணி நெய்தார். அதில் செலோஃபேன் என்னும் கண்ணாடித்தாளும் உண்டு, பருத்தியும் உண்டு. ஒரு பக்கம் ஒளியை எதிரொளிக்கும், மறுபக்கம் ஓசையை உறிஞ்சும். விநோதமாக இருக்கட்டும் என்று அவர் செலோஃபேனை எடுக்கவில்லை. அரங்கத்துக்கு வெளிச்சம் தேவைப்பட்டது, அதைச் செலோஃபேன் தந்தது. பொருளைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் பொருள் பாவாகுமா என்று பார்க்க ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். கை நீளத்துக்கு ஒரு நூல் எடுத்து, நுனியில் ஏதாவது எடை கட்டி இரவு முழுக்கத் தொங்க விடுங்கள். காலையில் அளந்து பாருங்கள். பிளாஸ்டிக் கீற்று நீண்டிருக்கும், எடையை எடுத்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. அப்படி நீளும் நூலைப் பாவாகப் போட்டால் பாதித் துணியில் பாவு தொய்ந்துவிடும், ஒவ்வோர் இழையும் ஒவ்வோர் அளவுக்கு. அப்புறம், அதே நூலைச் சீப்புப் பற்களுக்கிடையே நூறு முறை முன்னும் பின்னும் இழுங்கள். பஞ்சு கிளம்புகிறதா, பொடி உதிர்கிறதா, முறுக்கு அவிழ்கிறதா என்று பாருங்கள். இதில் தோற்ற நூலுக்குக் கஞ்சி போட்டுப் பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் ஊடைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

காகிதத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகம் பேர் தொடங்குவதும் அதிகம் பேர் ஏமாறுவதும் அதில்தான். ஷிஃபு செய்பவர்கள் எடுப்பது கோஸோ என்னும் காகித மல்பெரிச் செடியின் உள்பட்டையில் செய்த கைக்காகிதம். அதன் நார்கள் நீளமானவை. தாளில் நார் ஓடும் திசை என்று ஒன்று உண்டு. அந்தத் திசையிலேயே கீற்று வெட்ட வேண்டும். எந்தத் திசை என்று தெரியாவிட்டால் ஓர் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். ஒரு பக்கம் நேராகக் கிழியும், மறுபக்கம் கோணல்மாணலாகப் போகும். நேராகக் கிழிவதுதான் நார் ஓடும் திசை. தாளை மடித்து, ஓரங்களை விட்டுவிட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டி, ஈரத்துணியில் சுற்றிப் பதமாக வைத்து, சொரசொரப்பான கல்லின் மேல் உருட்டுவார்கள். தட்டையான கீற்று உருண்டையாகிவிடும். பிறகு ஓரங்களில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கிழித்தால் தாள் முழுக்க ஒரே நீளக் கீற்றாக விரியும். திருப்பங்களில் வரும் சிறு முடிச்சுகளை விரலால் உருட்டிச் சரிசெய்து, ராட்டையிலோ தக்கிளியிலோ முறுக்கேற்றினால் நூல் தயார். இப்படிச் செய்த துணியைத் துவைக்கவும் முடியும். காகிதத்தில் ஆடையா என்று நம்ப மறுப்பவர்கள் அந்த நூலை ஒருமுறை நனைத்து இழுத்துப் பார்க்கட்டும்.

இதே வேலையைச் செய்தித்தாளில் செய்தால் பலன் வேறு. செய்தித்தாள் மரத்தை அரைத்த கூழில் செய்வது, நார்கள் குட்டை. மரத்தின் நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்னும் பொருள் அதிலேயே தங்கியிருப்பதால் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகி, மொறமொறவென்று உடையத் தொடங்கும். முறுக்கேற்றுவதால் அந்த வயோதிகம் நின்றுவிடாது. பளபளப்பான பத்திரிகைத் தாளில் களிமண் பூச்சு இருக்கிறது. முறுக்கும்போது பூச்சு வெடித்துத் தூளாக விழும். செய்தித்தாளில் நெய்யவே கூடாது என்று சொல்லவில்லை. ஒரு கண்காட்சிக்கு, ஒரு பருவத்துக்கு, கண்ணாடிச் சட்டத்துக்குள் என்றால் தாராளமாக நெய்யுங்கள். பல தலைமுறைக்கு நிற்கும் என்று சொல்லி யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஈரச் சோதனையில் பலர் எதிர்பாராத விஷயம் ஒன்று உண்டு. பருத்தியும் ஆளிச்செடியின் நாரும் (லினன்) நனைந்தால் கூடுதல் வலுப்பெறும். கம்பளி வலுவிழக்கும். விஸ்கோஸ் ரேயான் ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடும். உலர்ந்த நிலையில் மட்டும் இழுத்துப் பார்த்து "உறுதிதான்" என்று முடிவு செய்தால் முதல் சலவையில் தெரிந்துவிடும். ஜப்பானின் ஒக்கினாவா தீவில் வாழை நாரில் நெய்யும் பஷோஃபு துணிக்கு ரேயானுக்கு நேரெதிரான குணம். அந்த நாரை நூற்பதில்லை. மெல்லிசாகக் கிழித்து, நுனிக்கு நுனி முடிந்து நீளமாக்குகிறார்கள். காற்று வறண்டால் நார் ஒடியும் என்பதால் ஈரப்பதத்தோடுதான் நெய்கிறார்கள். பட்டை, நார், புல் எதை எடுத்தாலும் தெளிப்பான் ஒன்றைத் தறிக்குப் பக்கத்தில் வைத்திருங்கள். ஈரமாக நெய்ததைச் சுருட்டி மட்டும் வைக்காதீர்கள். நன்றாகக் காற்றாட விடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நாரில் ஏறிய பூஞ்சைக் கறை லேசில் போகாது.

அடுத்து விலங்கு முடி. நாய் முடியில் நூற்பது புதுமை இல்லை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர சாலிஷ் மக்கள் முடிக்காகவே ஓர் இன நாயை வளர்த்து, அதன் முடியை மலையாட்டுக் கம்பளியோடு கலந்து போர்வை நெய்தார்கள். அந்த நாயினம் இப்போது இல்லை. அவர்கள் கலந்ததற்குக் காரணம் இருக்கிறது. நாயின் மேல்முடி வழுவழுப்பானது, முறுக்கில் நிற்காமல் நழுவும். அடிமுடி மென்மையானது, ஆனால் குட்டை. ஆட்டுக் கம்பளி சேர்த்தால் பிடிப்பு வரும். கத்தரித்த முடியைவிடச் சீவி எடுத்த முடி நல்லது. வெட்டு முனை தோலில் குத்தும்.

உங்கள் வீட்டு நாயின் முடி என்றால் கழுவி, உலர்த்தி, நூற்கலாம். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத, கழுவாத முடியும் கம்பளியும் வேறு விஷயம். 1976-இல் கலிஃபோர்னியாவில் வீட்டிலேயே நெசவு செய்துவந்த ஒருவர் ஆந்த்ராக்ஸ் கிருமியை மூச்சில் இழுத்து இறந்துபோனார். அவர் பயன்படுத்திய, வெளிநாட்டிலிருந்து வந்த விலங்கு முடி நூலில் அந்தக் கிருமி இருந்தது. இது மிக அரிதாக நடப்பது. பயமுறுத்தச் சொல்லவில்லை, விசாரிக்கச் சொல்கிறேன். எந்த விலங்கு, எந்த நாடு, சுத்திகரித்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். அந்துப்பூச்சிக்கு எளிய வழி உறைவித்தல்: காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் அறையின் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காமல் இருங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த முடியின் மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

தூசியை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதுதான் என் பெரிய கவலை. பதப்படுத்தாத பருத்தி, ஆளி, சணல் வகைத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த ஆலைத் தொழிலாளர்களுக்கு பிஸினோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வந்தது. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். அதனால் அதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே அழைத்தார்கள். வீட்டில் எப்போதாவது நூற்பவருக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. ஆனாலும் மூடிய சிறு அறையில் நாரைச் சிக்கெடுப்பதும் சீவுவதும் வேண்டாம். வெளியே உட்காருங்கள், நாரை லேசாக ஈரமாக்குங்கள், என்95 முகக்கவசம் போடுங்கள். முடித்த பிறகு துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.

பழைய உலை, கொதிகலன், மின்சாதனம் ஆகியவற்றிலிருந்து கழற்றிய தீக்காப்புக் கயிறு, துணி, கையுறை எதுவானாலும் நெசவுக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். அது கல்நாராக, அதாவது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். பார்க்க அழகான வெள்ளை இழை. அதன் நார்கள் கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும். கண்ணாடி இழையும் தோலையும் கண்ணையும் உறுத்தும்.

செடிகளிலும் கவனம் வேண்டும். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. அதன் பட்டையை உரிக்காதீர்கள். எருக்கந்தண்டில் நல்ல நார் இருக்கிறது, ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் விழிப்படலத்தைக் கெடுக்கும். கையுறையோடு வேலை செய்து, கையைக் கழுவிய பிறகே முகத்தைத் தொடுங்கள்.

பிளாஸ்டிக் பைக் கீற்று ஊடையாக நன்றாக அடிபடும், நிறமும் கிடைக்கும். வெயிலில் நொறுங்கும், தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அதனால் குழந்தை படுக்கும் விரிப்பாகவோ அடுப்பருகே போடும் மிதியடியாகவோ நெய்யாதீர்கள். வெட்டும்போது விழும் துணுக்குகளைச் சேர்த்து எடுத்துக் குப்பையில் போடுங்கள், நீரோடு கழுவி விடாதீர்கள். ஒலிநாடாவுக்கும் இதே எச்சரிக்கை; மிகப் பழைய நாடாவில் காந்தப்பூச்சு பொடியாக உதிரும்.

கம்பியைப் பற்றிச் சுருக்கமாக: செம்புக் கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் அது இறுகி ஒடியும். மயிரிழை போன்ற மெல்லிய கம்பியை ஊடையாக விடுங்கள், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், நறுக்கிய நுனி பறக்கும். அமெரிக்கச் சிற்பி ரூத் அசாவா 1947-இல் மெக்ஸிகோவின் டொலூக்கா நகரில் கம்பிக்கூடை பின்னுவோரிடம் கற்ற கண்ணி முறையில் சிற்பங்கள் செய்தார். தறியும் பாவும் இல்லாமல் கண்ணிக்குள் கண்ணியாகத் தொங்கும் உருவங்கள் அவை. தறிக்கு ஒத்துவராத பொருளைக் கையால் பின்னலாம் என்பதை அவற்றைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

எல்லாச் சோதனையிலும் தேறினாலும் எடுக்கக்கூடாத பொருளும் உண்டு. மத்தியதரைக் கடலின் பினா நோபிலிஸ் என்னும் பெரிய சிப்பி தன்னைத் தரையோடு கட்டிக்கொள்ளும் இழைகளிலிருந்து கடற்பட்டு நூற்றார்கள். பொன்னிறம், அவ்வளவு மென்மை. 1992 முதல் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அந்தச் சிப்பியைப் பாதுகாக்கிறது. 2016-இல் ஓர் ஒட்டுண்ணி பரவிக் கூட்டங்கூட்டமாகச் செத்தன. இப்போது அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினம் அது. இணையத்தில் எங்காவது கடற்பட்டு நூல் விற்பனைக்கு வந்தால், வாங்கி நெய்து பார்க்கலாமே என்ற ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். காட்டில் பட்டை உரிப்பதற்கும் இதே யோசனைதான். மரத்தைச் சுற்றி வளையமாக உரித்தால் மரம் செத்துவிடும். விழுந்த கிளையில், கவாத்து செய்த கொம்பில் எடுங்கள்.

நெய்து முடித்த துணியை யாருக்காவது கொடுக்கும்போது ஒரு சீட்டு எழுதி இணையுங்கள். பாவு எது, ஊடை எது, நனைக்கலாமா, வெயிலில் வைக்கலாமா, தீயருகே வைக்கலாமா, நாய் முடியோ கம்பளியோ கலந்திருக்கிறதா என்று அதில் இருக்கட்டும்; ஒவ்வாமை உள்ளவர் கேட்கக் கூச்சப்படலாம். சாயம் போட்டிருந்தால், ஒரு துண்டின் பாதியை அட்டையால் மூடிச் சில வாரம் ஜன்னலோரம் வைத்து, நிறம் எவ்வளவு வெளுத்தது என்பதையும் எழுதுங்கள். சோதித்த மாதிரித் துண்டை உங்களிடமே வைத்துக்கொண்டு, அதன் பின்னால் தேதியைக் குறியுங்கள். அடுத்த முறை அதே பொருளை எடுக்கும்போது முதலில் அந்தத் துண்டை எடுத்து மடித்துப் பாருங்கள்.