ஆன்டிவைரஸுக்குப் பரீட்சை வைப்பவர்கள்

புது லேப்டாப்புக்கு ஆன்டிவைரஸ் தேடியிருந்தால் கவனித்திருப்பீர்கள், எந்த நிறுவனத்தின் பக்கத்துக்குப் போனாலும் மூலையில் ஒரு முத்திரை இருக்கும். ஒரே வகுப்பில் பத்துப் பேர் முதல் ரேங்க் வாங்கிய மாதிரி. முத்திரை பொய்யில்லை, நிஜமான தேர்வில் வாங்கியதுதான். அது என்ன தேர்வு என்பதுதான் விஷயம்.

பெயர் பெற்ற பரிசோதனைக் கூடங்கள் உலகத்திலேயே கொஞ்சம்தான். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், பிரிட்டனில் வைரஸ் புல்லட்டின், லண்டனில் எஸ்.இ. லேப்ஸ். வேலை ஏறக்குறைய இப்படி நடக்கும்: ஒரே மாதிரியான கணினிகளில் ஆளுக்கொரு ஆன்டிவைரஸை நிறுவுவார்கள். வைரஸ் பரப்பும் இணைய முகவரி ஒன்றை எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் திறப்பார்கள். யார் தடுத்தார்கள், யார் கோட்டை விட்டார்கள் என்று குறித்துக்கொண்டு, கணினியைப் பழைய சுத்தமான நிலைக்குக் கொண்டுவந்து அடுத்த முகவரிக்குப் போவார்கள். கூடவே நல்ல கோப்புகளையும் கொடுத்துப் பார்ப்பார்கள், ஏனென்றால் கண்ணில் பட்டதையெல்லாம் வைரஸ் என்று சொல்லும் மென்பொருள் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும். 2010 ஏப்ரலில் மெக்காஃபி அனுப்பிய ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிடித்து, உலகம் முழுக்க அலுவலகக் கணினிகளைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆக வைத்தது. தப்பாகக் குரைக்கிற நாயும் தொல்லைதான்.

சரி, இந்தக் கூடங்களுக்குக் காசு யார் தருகிறார்கள்? பெரும்பங்கு அந்த ஆன்டிவைரஸ் நிறுவனங்களேதான். மாணவனே ஃபீஸ் கட்டித் தேர்வு எழுதுகிறான். இதைக் கேட்டதும் ‘அப்போ எல்லாம் செட்டப்’ என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை, காரணம் 2015-இல் நடந்த ஒரு சம்பவம்.

சீனாவின் கிஹூ 360 என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் தேர்வுக்கு அனுப்பிய பதிப்புகளில் பிட்டிஃபெண்டர் என்ற ருமேனிய நிறுவனத்தின் எஞ்சின், அதாவது வைரஸைக் கண்டுபிடிக்கிற பகுதி, ஓடிக்கொண்டிருந்தது. சீனாவில் மக்கள் டவுன்லோட் செய்த பதிப்பிலோ அந்த எஞ்சின் அணைக்கப்பட்டு, கிஹூவின் சொந்த எஞ்சின் மட்டும் ஓடியது. அதன் பாதுகாப்பு கணிசமாகக் குறைவு, தவறான எச்சரிக்கைகளும் அதிகம். இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு மட்டும் வகுப்பறையைக் கழுவி விடுவது போலத்தான். இதைக் கண்டுபிடித்தது வெளியாள் யாருமில்லை. ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ், வைரஸ் புல்லட்டின் மூன்றும் சேர்ந்து அறிக்கை விட்டு, அந்த ஆண்டு கொடுத்த சான்றிதழ்களைப் பறித்தன. அடுத்த சில நாட்களில் டென்சென்ட் என்ற இன்னொரு சீன நிறுவனத்துக்கும் அதே கதி, வேகச் சோதனையில் நல்ல பேர் வாங்குவதற்காகவே மென்பொருளில் மாற்றம் செய்திருந்ததற்காக. காசு கொடுக்கிறவனையே வெளியே நிறுத்தினார்கள் இல்லையா, அதனால்தான் எனக்குக் கூடங்களின் நேர்மை மேல் பெரிய சந்தேகம் இல்லை. சந்தேகம் எல்லாம் மதிப்பெண்ணை நாம் படிக்கிற விதத்தில்தான்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு தேர்வில் 400 வைரஸ்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 2-ஐ விட்டார், 99.5 சதவீதம். இன்னொருவர் 4-ஐ விட்டார், 99. விளம்பரத்தில் இது மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசமாகத் தெரியும், ஆனால் வேறு 400-ஐ எடுத்திருந்தால் இடம் மாறியிருக்கலாம். ஒன்றைக்கூட விடாமல் முழு மதிப்பெண் வாங்கியவரின் உண்மையான தவறு விகிதம்கூட 0.75 சதவீதம் வரை இருக்க இடமிருக்கிறது, 400 என்ற எண்ணிக்கை அதற்கு மேல் துல்லியம் தராது. நெருங்கி வருகிறவர்களை ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஒரே குழுவில் போட்டு ஒரே விருது தருவது இதனால்தான். விளம்பரம் எழுதுகிறவர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

அப்புறம், கேள்வித்தாளில் எது வருகிறது என்பது. 2012 கடைசியில் மைக்ரோசாஃப்ட்டின் இலவச ஆன்டிவைரஸ் ஏவி-டெஸ்ட்டில் சான்றிதழை இழந்தது. நாங்கள் தவறவிட்ட வைரஸ்களில் 94 சதவீதம் எங்கள் வாடிக்கையாளர் யாரையும் தொடவே இல்லை என்று மைக்ரோசாஃப்ட் பதில் சொன்னது. தோற்றவன் சொல்கிற சமாதானம் என்று தள்ளலாம், ஆனாலும் கேள்வி நியாயமானது. இணைய முகவரிகளை வைத்து நடக்கும் தேர்வில், ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுத்து ஷார்ட்கட் வைரஸோடு வாங்கி வருகிற நம் அனுபவம் எங்கே வரும்?

நான் பார்ப்பது இவ்வளவுதான்: இரண்டு கூடங்கள், இரண்டு வருட முடிவுகள், தவறான எச்சரிக்கைக் கட்டம். அடிமட்டத்தில் திரும்பத் திரும்ப வருவதை ஒதுக்குவேன், மேலே இருப்பவற்றுக்குள் விலையையும் வேகத்தையும் பார்த்து எடுப்பேன்.

ஆன்டிவைரஸ் நிறுவனங்களிடம் ஒரு பைசா வாங்காத சோதனைச் சேவையும் ஒன்று இருந்தது. ஸ்கேன்ஃபோர்யூ என்று பெயர், 2009-இலிருந்து சில ஆண்டுகள் ஓடியது. வைரஸ் எழுதுகிறவர்கள் காசு கட்டித் தங்கள் சரக்கை அங்கே ஏற்றி, முப்பதுக்கும் மேற்பட்ட ஆன்டிவைரஸ்களில் எது பிடிக்கிறது என்று பார்த்து, எதுவும் பிடிக்காத வரைக்கும் திருத்திவிட்டு அப்புறம்தான் வெளியே விடுவார்கள். முடிவுகளை அது ஆன்டிவைரஸ் நிறுவனங்களுக்குச் சொல்லாது, அதுதான் அதன் வியாபாரமே. நடத்தியவருக்கு 2018-இல் அமெரிக்க நீதிமன்றம் 14 ஆண்டு சிறை கொடுத்தது.