ஓஸ்தி: அப்பம் என்றால் அரிசி மாவு நினைவுக்கு வரும் ஊரில்

கத்தோலிக்கப் பூசையில் அப்பத்தைக் கிறிஸ்துவின் உடலாக அர்ச்சிக்கும் எழுந்தேற்ற நேரத்தில் குருவானவர் உயர்த்திப் பிடிக்கும் அந்த மெல்லிய வெள்ளை வட்டத்துக்கு நம் பெரியவர்கள் சொல்லும் பெயர் ஓஸ்தி. தமிழுக்கு இதைத் தந்தது போர்த்துக்கேய மொழி. அதில் முதலெழுத்தான ‘ஹ’ எழுத்தோடு சரி, வாயில் ஒலிக்காது. அதனால்தான் ஹோஸ்தி ஆகாமல் ஓஸ்தி ஆயிற்று. போர்த்துக்கேயருக்கு அது லத்தீனிலிருந்து வந்தது. அங்கே ‘ஹோஸ்தியா’ என்றால் பலியாக ஒப்புக்கொடுக்கப்படுவது, குறிப்பாகப் பலி விலங்கு. ஆகச் சொல்லுக்குள் மாவும் இல்லை, ரொட்டியும் இல்லை, பலிதான் இருக்கிறது.

மட்டக்களப்பில் 1628இல் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரைப் பத்தே ஆண்டில் ஒல்லாந்தர் விரட்டிவிட்டார்கள். பேச்சு மட்டும் போகவில்லை. அவர்கள் வழிவந்த பறங்கியர் குடும்பங்களில் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி இன்றும் இருக்கிறது. காலையில் நாம் வாங்கும் பாணும் அவர்கள் சொல்தான்.

சரி, ஓஸ்தி எதனால் ஆனது? 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 924ஆம் சட்டம் இதைச் சுருக்கமாக முடிக்கிறது: அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாக, கெட்டுப்போகும் ஆபத்து இல்லாதபடி அண்மையில் செய்ததாக இருக்க வேண்டும். இரசம், அதாவது வைன், திராட்சையிலிருந்து வந்த, கெடாத இயற்கை இரசமாக இருக்க வேண்டும். அதில் சிறிது தண்ணீர் கலக்க வேண்டும். லத்தீன் மரபில் மாவு புளிக்கக் கூடாது என்கிறது 926. அதனால் பாண் இதற்கு உதவாது. சொறிக்கல்முனை திருச்சிலுவைக் கோயிலுக்கு வயல்வெளி வழியே போகிறவர், இவ்வளவு நெல் விளையும் மண்ணில் அரிசி மாவில் சுட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வேறு தானியத்தில் செய்தால் அது முறைகேடு என்பதோடு நிற்காது, அந்தப் பூசையே செல்லாது. 2004இல் உரோமை வெளியிட்ட அறிவுறுத்தல் இதைத் திரும்பவும் சொன்னது. மாவில் சீனியோ தேனோ பழமோ சேர்ப்பதும் பெருங்குற்றம் என்றது.

தமிழில் நேர்ச்சொல் என்று பூசைப் புத்தகம் தருவது ‘அப்பம்’. நல்ல பழைய சொல், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கல்முனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ அப்பம் என்றால் பால் விட்டு, ஓரம் முறுகச் சுட்ட அரிசிமா அப்பம். சட்டம் எதை விலக்குகிறதோ அதையே சொல் நினைவூட்டுகிறது! ‘கோதுமை அப்பம்’ என்று விரித்தால் குழப்பம் தீரும், ஆனால் பலி என்ற பொருள் அதில் வராது. ‘பலியப்பம்’ என்றால் இரண்டும் வரும். எனக்குப் பிடித்தது அதுதான். ஆனாலும் பேச்சில் ஓஸ்தியை அது அசைக்கும் என்று நான் நம்பவில்லை.

அப்புறம் இன்னொரு வேறுபாடு. எழுந்தேற்றத்துக்கு முன் பெட்டியில் இருப்பது வெறும் ஓஸ்தி. பின் அது நற்கருணை. பழைய வழக்கில் சற்பிரசாதம். உட்கொள்வதை நம்மவர் ‘நன்மை எடுப்பது’ என்பார்கள். பிள்ளைகளுக்கு ‘முதல் நன்மை’. அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் சாப்பிடக் கூடாது என்பது 919ஆம் சட்டம். நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் வந்த தலைமுறைக்கு இது சலுகை. தண்ணீருக்கு 1953இல் அனுமதி கிடைத்தது. 1957இல் நோன்பு மூன்று மணி நேரமாகி, 1964இல் ஒன்றாயிற்று.

கோதுமை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் என்ன செய்வது? கோதுமையில் உள்ள புரதமான குளூட்டனை அறவே நீக்கிய ஓஸ்தி செல்லாது. மிகக் குறைவாக இருந்தால் செல்லும் என்று 2003இல் எழுதிய மடலில் உரோமை தெளிவுபடுத்தியது. அதுவும் ஆகாதென்றால் இரசத்தை மட்டும் அருந்தி நன்மை எடுக்க 925ஆம் சட்டம் இடம் தருகிறது. தேவைப்படுபவர் பூசைக்கு முன்பே பாதரிடம் சொல்லிவிட்டால் போதும்.