முன்சுவரை எடுத்துக் கண்ணாடி போடுமுன்: வன்னியில் கட்டுபவரும் உள்ளே போபவரும் அறிய வேண்டிய விதிகள்

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 வீதியோரக் கடைகள் பல, முன்சுவரை உடைத்துக் கண்ணாடிக்கு மாறி வருகின்றன. இதில் இரண்டு வகைச் சட்டங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று கட்டட அனுமதி பற்றியது. மற்றது மாற்றுத்திறனாளிகளின் அணுகல் வசதி பற்றியது. இதைத்தான் அநேகர் மறந்துவிடுகிறார்கள்.

"சுவரைத்தானே மாத்துறம், புதுசா ஒண்டும் கட்டேல்லையே" என்று பலர் நினைக்கிறார்கள். 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வெளிச்சுவரில் செய்யும் மாற்றத்துக்கும் உள்ளூராட்சி சபை ஏற்றுக்கொண்ட வரைபடம் வேண்டும். கட்டடம் நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனப்படுத்திய பகுதிக்குள் இருந்தால், 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அபிவிருத்தி அனுமதியும் தேவை. எந்த வழியானாலும் முதலில் போக வேண்டிய இடம் உங்கள் சபைதான்: கிளிநொச்சி நகரத்தவர் கரைச்சிப் பிரதேச சபைக்கு, முல்லைத்தீவு நகரத்தவர் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபைக்கு. வேலை முடிந்ததும், அங்கீகரித்த வரைபடத்தின்படியே கட்டியதாகச் சபை தரும், சி.ஓ.சி. என்று எல்லோரும் சொல்லும் சான்றிதழை எடுங்கள். வரைபடத்தில் செங்கற்சுவரும் நேரில் கண்ணாடியும் இருந்தால் அந்த இடத்தில்தான் சிக்கல் வரும்.

வரைபடத்தில் "கண்ணாடி" என்று மட்டும் எழுதினால் போதாது. வகை, தடிப்பு, கதவு திறக்கும் திசை, மேலே உள்ள பீமின் அளவு ஆகியவற்றைக் குறிக்கச் சொல்லுங்கள். பீம் மிக முக்கியம். தூண் இல்லாமல் சீமெந்துக்கல் சுவரே கூரையைச் சுமக்கும் பழைய கடைகள் வன்னியில் நிறைய உண்டு. அந்தச் சுவரை எடுத்துவிட்டு மெல்லிய லிண்டலை (திறப்புக்கு மேலே குறுக்காகப் போடும் சிறு பீமை) விட்டால் அது நாளடைவில் தொய்ந்து கண்ணாடியின் மேல் உட்காரும். கண்ணாடி எந்தச் சுமையையும் தாங்கக் கூடாது. ஆறு மாதம் நன்றாக இருந்த கண்ணாடி ஒரு நாள் காரணமில்லாமல் கொட்டியதாகச் சொல்வார்கள். காரணம் பல நேரம் மேலே இருக்கும்.

பிரேம் இல்லாத கதவுக்கு டெம்பர்ட் கண்ணாடி (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியது) மட்டுமே. வழக்கத்தில் 10 அல்லது 12 மில்லிமீற்றர். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற நீளத் துண்டுகளாகும். டெம்பர்ட் சிறு கட்டிகளாக உதிரும். ஆனால் டெம்பர் செய்த பின் அதை வெட்டவோ துளையிடவோ முடியாது, முழுவதும் நொறுங்கிவிடும். ஆகவே கைபிடி, பூட்டு, கதவின் மூலையைப் பிடிக்கும் உலோகப் பட்ச் பிட்டிங் எல்லாவற்றுக்குமான துளைகளின் இடத்தை ஓடர் கொடுக்குமுன்னரே முடிவு செய்ய வேண்டும். தரை மட்டம் முடிந்த பின்பே அளவெடுக்க விடுங்கள். மாபிள் பதிக்குமுன் அளந்த கதவு அரை அங்குலம் உயரமாக வந்தால் திருப்பி அனுப்புவதைத் தவிர வழியில்லை.

வந்த கண்ணாடியின் மூலையில் டெம்பர்ட் என்ற அழியாத முத்திரை இருக்கிறதா பாருங்கள். போலரைஸ்ட் வெயில் கண்ணாடி போட்டு வெளிச்சத்தில் பார்த்தால் மங்கலான புள்ளிகளோ கோடுகளோ தெரிவதும் நல்ல அடையாளம். விளிம்பைத் தடவிப் பாருங்கள். டெம்பர்ட் கண்ணாடிக்கு நடுப்பக்கம் பலம், விளிம்பும் மூலையும் பலவீனம். இறக்கும்போது சீமெந்துத் தரையில் பட்டு விளிம்பில் விழுந்த சிறு உடைவு பின்னொரு நாள் கதவையே கொட்ட வைக்கும். வீதியோரம் புல்லு வெட்டும் மெசின் தெறிக்க விடும் கிரவல் கல்லும் இதைச் செய்யும். தலைக்கு மேல் வரும் கண்ணாடிக்கு லமினேட்டட் போடுங்கள், உடைந்தாலும் நடுவிலுள்ள படலம் துண்டுகளைப் பிடித்து வைத்திருக்கும்.

இனி அணுகல் வசதி பற்றிய மற்றச் சட்டம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ், 2006 ஒக்டோபரில் அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. அரச கட்டடங்களோடு, பொதுமக்கள் சேவை பெறவரும் இடங்களும் அவற்றுள் அடங்கும். 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் புதிய பொதுக் கட்டடங்களில் இது கட்டாயம் என்று உத்தரவிட்டது. போரில் காலையும் கண்ணையும் இழந்த இத்தனை பேர் வாழும் மண்ணில், இந்த விதியைக் கடதாசியில் விட்டுவைப்பது அநியாயம்.

கதவில் இது எப்படித் தெரியும்? 12 மில்லிமீற்றர் கண்ணாடி சதுர மீற்றருக்கு 30 கிலோ. 900க்கு 2100 மில்லிமீற்றர் கதவு ஏறத்தாழ 57 கிலோ. கதவைத் தானாக மூட வைக்க அதன் கீழே தரைக்குள் பதிக்கும் புளோர் ஸ்பிரிங்கை இறுக்கி வைத்தால் ஊன்றுகோலில் நிற்பவரால் திறக்க முடியாது, திறந்தாலும் முதுகில் வந்து அடிக்கும். பிரித்தானிய வழிகாட்டலில் திறக்கத் தொடங்கும் விசை 30 நியூட்டனுக்குள், அதாவது சுமார் 3 கிலோ. மீன் நிறுக்கும் தொங்கு தராசைக் கைபிடியில் மாட்டி இழுத்தே இதை அளந்துவிடலாம். கூடினால் பொருத்தியவரை அழைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மூடும் வேகத்தைத் திருகாணியால் குறைக்கலாம். மாரிக்கு ஸ்பிரிங் பெட்டிக்குள் தண்ணீரும் செம்மண்ணும் இறங்கினால் கதவு திரும்பவும் முரண்டும், ஆகவே மூடியின் விளிம்பைச் சிலிக்கனால் அடையுங்கள்.

மிக மலிவானதும் மிகத் தேவையானதும் அடையாளக் கோடுதான். துடைத்துப் பளபளப்பாக்கிய கண்ணாடி பார்வை குறைந்தவருக்கும் ஓடிவரும் பிள்ளைக்கும் வெறும் வழியாகவே தெரியும். பிரித்தானிய அளவுப்படி இரண்டு உயரங்களில் ஒட்டுங்கள்: தரையிலிருந்து 850 முதல் 1000 மில்லிமீற்றருக்குள் ஒன்று, 1400 முதல் 1600க்குள் இன்னொன்று. கோடு 50 மில்லிமீற்றர் அகலமாவது இருக்கட்டும். பின்னாலுள்ள நிறத்தோடு கலக்காமல் பகலிலும், உள்ளே லைற் எரியும் இரவிலும் தெரிய வேண்டும். வெளிறிய பனிப்படல ஸ்டிக்கர் வெள்ளைச் சுவருக்கு முன் காணாமல் போய்விடும்.

பொதுக் கட்டடம் ஒன்றில் இவை இல்லையென்றால் முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியைச் சபைச் செயலாளருக்கு அனுப்புங்கள். வரைபடம் எப்படி அங்கீகரிக்கப்பட்டது, சி.ஓ.சி. கொடுத்தாயிற்றா என்று 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டாலும் அவர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு வர வேண்டும். கொடுத்த நாளிலேயே ஏற்புச் சீட்டை வாங்கிவிடுங்கள், மேன்முறையீட்டுக்கு அது தேவைப்படும். அரச கட்டடமாக இருந்தால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியாப் பிராந்திய அலுவலகத்திலும் முறையிடலாம்; கதவின் படத்தையும், தராசு காட்டிய எடையையும் கோட்டின் உயரத்தையும் எழுதிய தாளையும் சேர்த்துக் கொடுங்கள்.