வான் தேசியக் காவல்படை: யாருடைய ஆணை, யாருடைய சம்பளம்?

அமெரிக்க மாநிலங்களின் மக்கள்படை மரபில் வந்த வான்பிரிவே வான் தேசியக் காவல்படை. அந்நாட்டு விமானப்படை தனிப்படையாகப் பிரிந்த 1947 செப்டம்பர் 18 அன்றே இதுவும் தனி அமைப்பானது. 50 மாநிலங்களோடு புவேர்ட்டோ ரிக்கோ, குவாம், வர்ஜின் தீவுகள், தலைநகர் வாஷிங்டன் ஆகிய இடங்களிலும் இதன் பிரிவுகள் உள்ளன. பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டே, மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டில் ஏறத்தாழ இரண்டு வாரமும் பயிற்சிக்கு வருபவர்கள்.

ஒரே சீருடையில் இருந்தாலும், இவர்கள் எந்த ஆணையின்கீழ் அழைக்கப்படுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அதிகாரமும் ஊதியமும் உரிமையும் மாறுகின்றன. மாநிலப் பணி என்றால் ஆணையிடுபவர் மாநில ஆளுநர் (அங்கே அவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் ஆட்சித் தலைவர்). சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வரும். கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 32ஆம் தலைப்பின்கீழ் (தலைப்பு என்பது அத்தொகுப்பின் ஒரு பெரும்பிரிவு) என்றால் கட்டளை ஆளுநரிடமே இருக்கும், செலவைக் கூட்டாட்சி அரசு ஏற்கும். 10ஆம் தலைப்பின்கீழ் அழைத்தால் கட்டளை, செலவு இரண்டும் கூட்டாட்சி அரசுடையவை. வீரர் குடியரசுத் தலைவரின் கட்டளைக்கு உட்படுவார். இந்த நிலையில் உள்நாட்டில் காவல்துறையின் வேலையைச் செய்ய, சட்டம் வெளிப்படையாக அனுமதித்த சூழல்களைத் தவிர, 1878ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. மற்ற இரண்டு நிலைகளிலும் அந்தத் தடை இல்லை. ஆளுநர் இல்லாத தலைநகரில் மட்டும் எப்போதும் குடியரசுத் தலைவரே தலைவர்.

கலிஃபோர்னியாவின் 146ஆவது விமானப் போக்குவரத்துப் பிரிவைப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும். காட்டுத்தீக் காலத்தில் அதன் சி-130 விமானத்தின் சரக்கறைக்குள் ஒரு பெரிய தொட்டியை உருட்டி ஏற்றிப் பொருத்துகிறார்கள். ஏறத்தாழ 11,000 லிட்டர் செந்நிறத் தீத்தடுப்புக் கரைசலை ஐந்தே விநாடிகளில் மலைச்சரிவில் கொட்டிவிட்டு விமானம் திரும்புகிறது. தொட்டியை இறக்கிவிட்டால், அதே விமானம் கூட்டாட்சி ஆணையின்கீழ் வெளிநாட்டுக்குச் சரக்கு கொண்டுபோகும். நாட்டின் வான்காவலிலும் இவர்களின் பங்கு பெரிது: 2001 செப்டம்பர் 11 காலையில் நியூயார்க்கை நோக்கி முதலில் பறந்த எஃப்-15 போர் விமானங்கள் இரண்டும் மாசச்சூசெட்ஸ் காவல்படையைச் சேர்ந்தவை.

சேவை முடிந்து திரும்புபவரின் வேலையை 1994ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது; ஒரே முதலாளியிடம் பொதுவாக மொத்தம் ஐந்து ஆண்டுச் சேவை வரை இந்தப் பாதுகாப்பு உண்டு, வழக்கமான பயிற்சி நாள்கள் அதில் சேரா. 31 நாளுக்குக் குறைவான சேவை என்றால், வீடு வந்து எட்டு மணி நேர ஓய்வுக்குப் பின் வரும் அடுத்த பணிநேரத்தில் வேலைக்குச் செல்ல வேண்டும். 31 முதல் 180 நாள் வரை என்றால் 14 நாளுக்குள்ளும், அதற்கு மேல் என்றால் 90 நாளுக்குள்ளும் விண்ணப்பித்தால் போதும். மாநிலப் பணிக்கு இந்தப் பாதுகாப்பு நெடுங்காலம் கிடைக்கவில்லை என்பது பெருங்குறை. தீயிலும் வெள்ளத்திலும் ஊரைக் காத்தவர் மாநிலச் சட்டத்தை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. 2021இல் வந்த திருத்தம், 14 நாள் அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலப் பணிக்கும், குடியரசுத் தலைவர் அறிவித்த பேரிடர், தேசிய அவசரநிலை ஆகியவற்றுக்கான பணிக்கும் இந்த உரிமையை நீட்டித்தது. ஆகவே, அழைப்பாணை கைக்கு வந்ததும் அதில் எந்தச் சட்டப்பிரிவு குறிக்கப்பட்டுள்ளது என்பதைப் பார்த்து, அதன் நகல் ஒன்றைப் பத்திரப்படுத்திக்கொண்டு, முதலாளிக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும்.